சுவர்ப் பக்கம்

மூடியாயிற்று. இனிப் பதினொரு மணி வரைக்கும் பெட்டியைத் தொடக் கூடாது. காயறதுக்குள்ள தொடாதே, காயறதுக்குள்ள தொடாதே என்று பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ட்ராயிங் டீச்சராக இருந்து சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட வாக்கியம், சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் தொடாமல் இருந்ததில்லை, நானும் இதோ அட்டைப்பெட்டியின் விளிம்பில் விரலை வைத்துவிட்டு எடுக்கிறேன். பழைய டி.வி. வந்த பெட்டி. அதைக் கவிழ்த்து மூடியிருக்கிறேன், உள்ளே தேனம்மை ஆச்சி வீட்டு வெள்ளைப் பீங்கான் ஜாடி, தோளில் கடைசிப் பூச்சு வாங்கிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆடிக் காற்று ஜன்னல் கதவை ஆட்டிப் பார்க்கிறது. காரைக்குடிப் புழுதி எப்படியும் வழி கண்டுபிடித்துவிடும், அதனால்தான் பெட்டி, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி, ஃபேனும் கிடையாது. வார்னிஷ் வாடையில் மூக்கு எரிகிறது. ஒரு தூசி, ஒரே ஒரு கொசுவின் கால் அந்தப் பூச்சில் ஒட்டினால் போதும், நாளைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து. ஆனால் நாளைக்கு என்று ஒன்று இல்லை, ஆச்சி ராகுகாலத்துக்கு முன்னால் எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், புதன்கிழமை, பதினொரு மணி, சொன்னால் சொன்ன நேரம். இப்போது மணி ஒன்பதே முக்கால். சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காரத்தான் எனக்கு எப்போதுமே வராது.

உடைந்த பீங்கானை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை, பசை ஒட்டும், அது பசையின் வேலை. விழுந்த சில்லுக்குப் பதிலாகப் பசையில் மாவு குழைத்து நிரப்புவதும் அப்படித்தான், வடை தட்டத் தெரிந்தவள் யாரும் செய்துவிடலாம். அதற்கு மேலே போடுகிற தோல்தான் வேலை, அந்த வெள்ளை, அந்த மினுமினுப்பு. வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது என்பதைப் பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொன்னேன், அரிசி வெள்ளை வேறு, பால் வெள்ளை வேறு, சுண்ணாம்பு வேறு. எந்தப் பீங்கானும் டப்பாவில் வருகிற வெள்ளை இல்லை, ஒன்றில் துளி நீலம் இருக்கும், ஒன்றில் துளி பச்சை, ஒன்றில் கறுப்பு ஊசிமுனை அளவு. அது எவ்வளவு என்று கண் சொல்லும். என் கண் சொல்லும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கோயில் அந்தோணியார் சுரூபத்தில்தான் ஆரம்பித்தது, கையிலிருந்த குழந்தை இயேசுவின் விரல் உடைந்துபோய் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார், ட்ராயிங் டீச்சர்தானே பூசிக்கொடுங்களேன் என்று. பூசினேன். எந்த விரல் என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, அஞ்சு விரலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, ஒளித்து வைத்ததை எதிராளி தேடித் தோற்கிற சந்தோஷம், அது கெட்ட சந்தோஷம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய வகை, ஆனால் அதற்காகத்தான் இத்தனை வருஷம் இந்த வாடையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெயர் எனக்கு ஊரில் உண்டு. பெர்பெத்து டீச்சர் கை பட்டால் உடைந்த இடம் தெரியாது. தெரியாது என்று யார் சொன்னார்கள்? யாரோ சொன்னார்கள். எல்லாரும். பெயர் சொல்லிச் சொல்லு என்றால் ஒரு பெயரும் வரமாட்டேன் என்கிறது.

வைகாசியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் அருளப்பன் வேட்டியைப் பார்த்து, சொட்டு நீலம் இவ்வளவா ஊத்துவீங்க என்று கேட்டேன், மனுஷர் கொஞ்ச நாளாக அவரேதான் துணி அலசுகிறார் பாவம், திருதிருவென்று முழித்தார். சுவரிலும் நீலம், சோற்றிலும் நீலம், நான் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையிலும். இடது கண்ணை மட்டும் திறந்தால் எல்லாம் பழையபடி, நெய் விட்ட மாதிரி. வலதைத் திறந்தால் நீலம். மறுவாரம் காட்டப் போனபோது சொன்னேன், டாக்டரம்மா சிரித்தாள், நீலம் இல்லை டீச்சர், இதுதான் வெள்ளை, அது புரையோட மஞ்சள், உங்களுக்கு அது வந்து அஞ்சாறு வருஷம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா வந்ததால தெரிஞ்சிருக்காது என்றாள். அஞ்சாறு வருஷம். அவள் சாதாரணமாகச் சொன்னாள், சொட்டு மருந்து எத்தனை வேளை என்று சொல்கிற மாதிரி. நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது அந்த அஞ்சாறு வருஷத்தில் என்னென்ன செய்தேன் என்று யோசிக்கவில்லை, மதுரை மல்லிகை விலை யோசித்துக்கொண்டு வந்தேன். மனசு ரொம்பச் சாமர்த்தியம், எது வேண்டாமோ அதைக் கடைசியில்தான் எடுக்கும்.

ஆனி மாசக் கடைசியில் ஆச்சி ஜாடியை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாள். மகள் மீனாளுக்கு ஆவணியில் கல்யாணம், பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களையெல்லாம் கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டு ஆச்சிமார் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள், அதில் இந்த ஜாடியும் உண்டு, மூடியில் நகம் அளவுக்கு ஒரு சில்லு போயிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் சேதி. ஜாடி எனக்குப் பழைய ஆள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது ஏணி இடித்து அதன் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு உடைந்தது, நான்தான் ஒட்டி, நிரப்பி, பூசிக் கொடுத்தேன். செட்டியாரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனபோது கூடத்தில் வைத்திருந்ததைப் பார்த்தேன், மற்ற சாமானெல்லாம் முன்னால் இருக்க இது மட்டும் சுவரை ஒட்டித் தள்ளி இருந்தது, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம், நல்ல காரியம் என்று நினைத்தேன், நின்று தேடினேன், என் ஒட்டு எனக்கே தெரியவில்லை. பந்தியில் பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடித்தேன் அன்றைக்கு. அந்த ஜாடிதான். காகிதத்தைப் பிரித்தேன். தோளில் மஞ்சளாக ஒரு கை. கல்யாண வீடு, யாரோ மஞ்சள் கையோடு தொட்டிருக்கிறார்கள் என்று ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. சோப்புப் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன், போய்விட்டது. வலதைத் திறந்தேன், வந்துவிட்டது. இடது, இல்லை. வலது, இருக்கிறது. எத்தனை தரம் அப்படிச் செய்தேனோ, கழுத்து வலித்தது. பிறகு விளிம்பைப் பார்த்தேன், பூச்சு பீங்கானோடு கலக்கிற இடத்தில் தூரிகையை வெளியே இழுத்துத் தூவி விடுகிற பழக்கம் எனக்கு உண்டு, அந்த இழுப்பு, என் கையெழுத்து. என் கைதான். மூன்று வருஷமாக அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது என் கை.

நிச்சயப்படுத்திக்கொள்ளப் பல்லை வைத்துப் பார்த்தேன். சூளையில் சுட்ட பளபளப்பும் மேலே பூசின பளபளப்பும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம், விரலுக்கும் ஒன்றாகத் தெரியலாம், பல்லுக்குத் தெரிந்துவிடும். சுட்டது ஜில்லென்று டக்கென்று இருக்கும், பூசினது மழுக்கென்று இருக்கும், மேல்பல்லை லேசாக வைத்தால் போதும். இதை யார் முன்னாலும் செய்வதில்லை. ஒரு தடவை ஆச்சி பார்த்துவிட்டாள், ஐயோ டீச்சர் எச்சிப் பண்ணாதிய, சாமி வீட்டுச் சாமான் என்று பதறிப்போய் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வைத்தாள், அதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான். பல் சொல்லிவிட்டது. ஆச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் பழைய பூச்சைச் சுரண்டினேன், பூச்சைக் கரைக்கிற திரவத்தில் நனைத்த பஞ்சில் அது மஞ்சளாக வரவில்லை, அழுக்காக வந்தது, கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, வந்தால் மஞ்சளாகவாவது வரக்கூடாதா. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியை இடது கண்ணில் கட்டிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்து வெள்ளை கலந்தேன். நீலம், இன்னும் நீலம், ஊசிமுனைக் கறுப்பு. உடைந்த தட்டுத் துண்டுகளில் பூசிப் பூசிப் பார்த்து பதினேழாவதில் வந்தது. பூச்சு, தேய்ப்பு, பூச்சு, தேய்ப்பு, கடைசியில் காலையில் இந்தப் பளபளப்பு. வேலை செய்யும்போது ஜாடிக்கு அடியில் பென்சிலால் ஒரு குறி போட்டு வைப்பேன், ஒட்டு இருக்கிற பக்கம் தெரிய, அதையும் நேற்றே அழித்துவிட்டேன். இந்தத் தடவை எனக்கே தெரியக் கூடாது என்று ஒரு வீம்பு.

மணி பத்தே காலாவது ஆகியிருக்க வேண்டும், பத்து ஐந்துதான். அப்படியானால் மற்றவை? இதைத்தான் ஒரு மாதமாக யோசிக்காமல் இருக்கிறேன், இப்போது கையில் வேலை இல்லாததால் வந்து உட்கார்ந்துகொண்டது. வள்ளிக்கண்ணு ஆச்சி வீட்டு நீலக்கரைத் தட்டு. தேவகோட்டை டாக்டர் வீட்டு சூப் பாத்திரம், அதில் ஒரு பிடி முழுவதும் நான் செய்தது. பங்குச் சாமியார் வீட்டு ஆறு கோப்பையில் ரெண்டு. எல்லாம் கண்ணாடி அலமாரியில், விளக்குப் போட்டு, வருகிறவர்கள் பார்க்கிற உயரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் திட்டு. போய்க் கேட்டு வாங்கி வந்து திருத்தலாம். என்னவென்று கேட்பது, நான் கொடுத்தது சரியில்லை என்றா? அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றால் நானே போய்க் காட்டிக்கொடுத்ததாக ஆகும். தெரியும் என்றால்? தெரிந்தால் சொல்லியிருப்பார்கள் இல்லையா, ஜாக்கெட்டில் ஒரு ஊக்குக் குறைந்தால் தையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற ஊர் இது. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்கிறவர்களும் என் வயசுக்காரிகள்தான், அவரவர் கண்ணில் அவரவர் புரை, அவர்களுக்கும் அது வெள்ளைதான், ஊர் முழுக்கப் புரை இருக்கிற வரைக்கும் நான் நல்ல கைகாரி. சிரிப்பு வருகிறது. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்களே, மீனாளுக்கு இருபத்தைந்து வயசு, அவள் கண்ணுக்கு என்ன. தேனம்மை ஆச்சி அன்றைக்கு ஜாடியை வாங்கிக்கொள்ளும்போது என்ன சொன்னாள்? நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுற்றிப் பார்த்தாள், என் ஒட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள், நல்லா இருக்கு டீச்சர், வசதியாப் போச்சு என்றாள். வசதி. அழகாக இருக்கிறது என்பார்கள், தெரியவே இல்லை என்பார்கள், பீங்கான் ஜாடியைப் பார்த்து யார் வசதி என்பார்கள்? அன்றைக்கே அந்த வார்த்தை செருப்புக்குள் மணல் மாதிரி உறுத்தியது, உதறிவிட்டு நடந்துவிட்டேன். ஏதோ பேச்சுவாக்கில் வந்திருக்கும். ஆச்சி காபி நன்றாக இருந்தாலும் வசதி என்று சொல்லக்கூடியவள்தான். இல்லை, சொல்லமாட்டாள்.

கூடத்தில் அருளப்பன் சின்ன வெங்காயம் உரிக்கிறார், ரேடியோவை மெதுவாக வைத்திருக்கிறார், நான் பூச்சுப் போட்ட நேரத்தில் சத்தம் வைக்கமாட்டார், சத்தத்துக்கும் பூச்சுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னாலும் கேட்பதில்லை. மின்சார வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆன மனுஷர், ஒரு விஷயத்தில் கருத்துச் சொல்ல வேண்டி வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். இந்த ட்யூப் லைட். தலைக்கு மேலே இருக்கிற இதே ட்யூப் லைட். போன வருஷம் ஒருநாள் நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் இங்கே இருந்த பல்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருந்தார், அந்தப் பல்பு மஞ்சள் வெளிச்சம், இது பகல் வெளிச்சமாம், இதுல நல்லாத் தெரியும்டி என்றார். நான் கேட்காமல் அவர் ஒரு ஆணி அடித்தது கிடையாது. ஏன் மாத்துனீங்க, எனக்குப் பழகின வெளிச்சம் என்று சத்தம் போட்டேன், ரெண்டு நாள் பேசவில்லை. அவர் பழையதை மாட்டித் தரவும் இல்லை. யாரும் கேட்காமல், அவர் காசில், அந்த வெயிலில் கடைக்குப் போய். நல்லாத் தெரியும்டி. எது நல்லாத் தெரியும்? அடப்பாவி மனுஷா.

"என்னங்க."

"ம்."

"இந்த ரூம்ல ட்யூப் லைட் எதுக்கு மாத்துனீங்க?"

கத்தி நின்றது. "எந்த லைட்டு?"

"இதான். போன வருஷம்."

"அதுவா. பழசு மினுக்கு மினுக்குன்னுச்சுல்ல."

மினுக்கவில்லை. ஒருநாளும் மினுக்கினது இல்லை. நாற்காலி நகர்கிற சத்தம், பானை மூடி, சொம்பு, தண்ணீர் குடிக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்து, சொல்ல வாய் வராமல், வெளிச்சத்தை மாற்றினால் நானே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று நினைத்திருக்கிறார். வெளிச்சத்தை மாற்றி என்ன, கண் அதேதானே. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை, வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு வயசுக்கு மேல் கட்டின புருஷனிடம் வெட்கம். சரி, வீட்டுக்குள் ஒருத்தருக்குத் தெரிந்தது வீட்டோடு போகட்டும், ஆச்சிக்குத் தெரியாது, ஆச்சிக்குத் தெரிந்தால் அவள் வாய் சும்மா இருக்காது, சும்மா இருந்திருக்கிறது, ஆகவே தெரியாது. ஆச்சியிடம் சொல்லலாமா? நான் போன தடவை தப்பாகப் பூசியிருந்தேன் ஆச்சி, இப்போது சரிசெய்துவிட்டேன் என்று ரெண்டு வரி. சொன்னால் மனசு லேசாகும். பெயரும் லேசாகும். ஒரு வீட்டில் சொன்னால் சாயந்திரத்துக்குள் எல்லா வீட்டு அலமாரியும் திறந்து பார்க்கப்படும். சொல்லாமல் விட்டால்? திருத்திக் கொடுத்தாயிற்று, யாருக்கும் நஷ்டம் இல்லை. அடுத்த மாதம் இடது கண்ணையும் எடுத்துவிடுவார்கள். இப்போதைக்கு இடது கண் ஒன்றுக்குத்தான் நான் தப்பே செய்யாதவள், கண்ணை மாற்றி மூடினால் அந்தப் பெர்பெத்து டீச்சர் இன்னும் இருக்கிறாள், அவள் ஒட்டு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதத்தோடு அவளும் போய்விடுவாள். பயமாக இருக்கிறது. ஊசிக்குப் பயம் இல்லை, அதற்குப் பிறகு மூடிக்கொள்ள ஒரு கண் இருக்காதே என்று.

கீழே கார்க் கதவு. மணி பதினொன்று அடிக்கவில்லை, பத்து ஐம்பத்தெட்டு. பெட்டியைத் தூக்கினேன். தூசி இல்லை. கொசு இல்லை. ஜாடியைத் திருப்பினேன், ட்யூப் லைட் வெளிச்சம் அதன் தோளில் ஒரே கோடாக வழுக்கிக்கொண்டு போனது, எங்கும் தடுக்கவில்லை. ரெண்டு கண்ணாலும் பார்த்தேன், தனித்தனியாகவும் பார்த்தேன். இல்லை. எந்தக் கண்ணிலும் இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று செய்ததில்லை. சொல்லவேண்டாம் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

தேனம்மை ஆச்சி மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள், கண் எப்படி இருக்கு டீச்சர் என்றாள், அருளப்பன் கொடுத்த மோரைக் குடித்தாள், மூடியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள், அருமையா இருக்கு என்றாள். பிறகு ஜாடியை மேஜை மேலேயே மெதுவாகத் திருப்பினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் முகம் மாறியது.

"என்ன ஆச்சி?"

"டீச்சர், அந்த மஞ்ச எங்க?"

"எந்த மஞ்ச?"

"அதான், ஒட்டுன எடத்துல தெரியறாப்புல விட்டிருந்தியளே. அடையாளத்துக்கு."

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை, ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செட்டியாரவுக அப்பவே சொன்னாக, டீச்சர் வெவரமானவுக, ஒடைஞ்ச பக்கம் எதுன்னு வீட்டாளுகளுக்குத் தெரியணும்ல, அதான் இப்புடி விட்டிருக்காகன்னு. அறுபதாம் கல்யாணத்துக்கு மஞ்சப் பக்கத்தைச் செவுத்தப் பாக்க வச்சுட்டோம். ஒரு கஷ்டமும் இல்ல, வசதியா இருந்துச்சு. வள்ளிக்கண்ணு ஆச்சி வீட்டுத் தட்டையும் அப்புடித்தானே வச்சிருக்காக, மஞ்சளக் கீழ் பக்கமாத் திருப்பி. இப்ப இதை எப்புடி வைக்க?"

"எப்படி வேணும்னாலும் வைக்கலாம் ஆச்சி. எந்தப் பக்கமும் தெரியாது."

"தெரியாது, சரி. சம்பந்தி வீட்டு ஆச்சிமாரு தடவிப் பாப்பாக டீச்சர். ஒடைஞ்ச சாமானப் பொண்ணுக்கு வச்சாகன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல. எந்தப் பக்கம்னு எனக்காச்சும் தெரியணும். நீங்களே காமிச்சுருங்க, சாக்பீஸால அடியில ஒரு கோடு போட்டுக்கிறேன்."

காட்டலாம் என்று கையை நீட்டினேன். ஆச்சி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டிருந்தாள். வெள்ளை, சுற்றிலும் வெள்ளை. அடியில் பென்சில் குறி இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தேன், நிமிர்த்தினேன், விரலால் தடவினேன். கூடத்தில் அருளப்பன் மறுபடி தண்ணீர் குடிக்கப் போகிற சத்தம் கேட்டது. எத்தனை வீடு, எத்தனை அலமாரி, எல்லாவற்றிலும் என் வேலை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, டீச்சர் விவரமானவள் என்று ஊரே என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சிரித்துவிடத் தோன்றியது.

"ஆச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. எச்சில் என்று சொல்ல வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். நான் ஜாடியைக் கையில் எடுத்தேன், ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன், மேல்பல்லை அதன் தோளில் லேசாக வைத்து மெதுவாகச் சுற்றினேன். டக். கொஞ்சம் தள்ளி, டக். இன்னும் தள்ளி, டக், டக், ஜில்லென்று. அப்புறம் ஒரு இடத்தில் சத்தமே வரவில்லை.

"இங்கதான் ஆச்சி" என்றேன்.